மின்தடைக்கு முன் மோட்டார் போடுவது: விநியோகச் சங்கிலியின் மீள்திறன், ஓர் எளிய அறிமுகம்

2011 மார்ச் கடைசியில் அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் தன் விற்பனையாளர்களுக்கு விசித்திரமான ஒரு செய்தி அனுப்பியது. கார் இருக்கிறது, எஞ்சின் இருக்கிறது, ஆலையில் ஆட்களும் இருக்கிறார்கள். ஆனால் 'டக்சீடோ பிளாக்' என்ற கறுப்பு நிறத்துக்கும் சில சிவப்பு நிறங்களுக்கும் புதிதாக ஆர்டர் எடுக்க வேண்டாம். காரணம், வெயில் பட்டால் அந்த வண்ணங்களை மினுமினுக்கச் செய்யும் ஒரு பொடி. ஸிராலிக் என்பது அதன் வணிகப் பெயர். ஜெர்மனியின் மெர்க் நிறுவனத்துக்குச் சொந்தமான அந்தப் பொடி, உலகம் முழுவதற்கும் ஒரே ஓர் ஆலையில்தான் தயாராகிக்கொண்டிருந்தது. ஜப்பானின் ஃபுகுஷிமா மாகாணத்தில், ஓனஹாமா என்ற துறைமுகப் பகுதியில். மார்ச் 11 அன்று நிலநடுக்கம் வந்தது, சுனாமி வந்தது, பக்கத்து அணு உலையிலும் விபத்து நடந்தது. ஆலையை விட்டு ஆட்கள் வெளியேறினார்கள்.

ஒரு காரின் விலையில் அந்தப் பொடிக்கான பங்கு, கணக்கெழுதுபவர் கவனிக்கவே தேவையில்லாத தொகை. அது இல்லாமல் போனதும் ஒரு நிறமே விற்பனைப் பட்டியலிலிருந்து இறங்கிவிட்டது.

'டிஜிட்டல் தொழில்நுட்பத்தால் விநியோகச் சங்கிலியின் மீள்திறனைப் பெருக்குவோம்' என்று இப்போது கருத்தரங்குக்குக் கருத்தரங்கு சொல்கிறார்கள். கேட்பவர் மனத்தில் எழும் படம் ஏறக்குறைய ஒன்றுதான்: பெரிய திரை, அதில் உலக வரைபடம், கடலில் நகரும் புள்ளிகள். அந்தத் திரை 2011இல் ஃபோர்டிடம் இருந்திருந்தாலும் ஓனஹாமா பிரச்சினை முன்கூட்டியே தெரிந்திருக்காது. ஏன் தெரிந்திருக்காது என்பதிலிருந்து தொடங்கலாம்.

சங்கிலி என்று பெயர் வைத்தது யார்?

மூலப்பொருள் தோண்டப்படும் இடத்திலிருந்து, பல ஆலைகள், கிடங்குகள், கப்பல்கள், லாரிகள் வழியாகப் பொருள் நம் கைக்கு வரும் வரையிலான ஏற்பாடு முழுவதையும் விநியோகச் சங்கிலி என்கிறோம். பெயர் கொஞ்சம் ஏமாற்றும். சங்கிலி என்றால் ஒரு கண்ணிக்கு அடுத்து ஒரு கண்ணி, நேர்க்கோடு. உண்மையில் இது மீன்வலை போன்றது. டொயோட்டா நிறுவனமே சொல்லும் கணக்குப்படி, திருகாணி வரை எண்ணினால் ஒரு காரில் சுமார் 30,000 பாகங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வழி, அந்த வழிகளுக்குள் கிளைகள்.

ஒரு டீக்கடையை எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் விவரமானவர். ஒருவரையே நம்பக்கூடாது என்று இரண்டு பேரிடம் பால் வாங்குகிறார். ஒருவர் வராவிட்டாலும் மற்றவர் வருவார். ஒருநாள் இருவருமே வரவில்லை. விசாரித்தால், இருவரும் பால் எடுப்பது ஊருக்கு வெளியே உள்ள ஒரே பண்ணையில்; அங்கே மாடுகளுக்கு நோய். கடைக்காரர் இரண்டு கயிற்றில் தொங்குவதாக நினைத்திருந்தார். இரண்டும் ஒரே ஆணியில் கட்டப்பட்டிருந்தன.

இங்கே ஒரு சொல் தேவைப்படுகிறது. நமக்கு நேரடியாகப் பொருள் தருபவர் முதல் அடுக்கு. அவருக்குத் தருபவர் இரண்டாம் அடுக்கு. அவருக்கும் தருபவர் மூன்றாம் அடுக்கு. டீக்கடைக்குப் பால்காரர் முதல் அடுக்கு, பண்ணை இரண்டாம் அடுக்கு. கடைக்காரருக்குப் பால்காரரின் கைபேசி எண் தெரியும். பண்ணையின் பெயர்கூடத் தெரியாது.

பெரிய நிறுவனங்களும் அப்படித்தான் இருந்தன. கார் நிறுவனத்துக்குப் பெயின்ட் நிறுவனத்தைத் தெரியும். பெயின்டுக்குள் போகும் பொடி எங்கிருந்து வருகிறது என்பது பெயின்ட் நிறுவனத்தின் விவகாரம். டொயோட்டா தன் வழங்குநர் அமைப்பைப் பிரமிடு போலக் கற்பனை செய்திருந்தது: உச்சியில் தான், கீழே போகப்போக மேலும் மேலும் பலர். 2011க்குப் பிறகு தோண்டிப் பார்த்தபோது பல இடங்களில் அது பீப்பாயின் வடிவில் இருந்தது. நடுவில் அகலம், அடியில் மறுபடியும் குறுகி, பல பேர் ஒரே ஆலையிடம் போய் நிற்கிறார்கள். பெயின்டுக்கு ஓனஹாமா என்றால், காரை இயக்கும் மின்னணுச் சில்லுகளுக்கு (சிப்) ஹிட்டாச்சிநாகா நகரில் ரெனசாஸ் நிறுவனத்தின் நாகா ஆலை. நிலநடுக்கத்தில் அது நின்றபோது, உலகத்தின் கார் நிறுவனங்கள் பலவற்றுக்கும் ஒரே நேரத்தில் மூச்சு முட்டியது. ஒன்றோடொன்று போட்டியிடும் கார் நிறுவனங்களே அந்த ஆலையைச் சீர்செய்யத் தங்கள் ஆட்களை அனுப்பின. ஜூன் தொடக்கத்தில்தான் அங்கே உற்பத்தி மெல்லத் திரும்பியது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: விநியோகச் சங்கிலி ஒரு வலை, அதன் ஆபத்தான முடிச்சு பெரும்பாலும் நமக்கு இரண்டு மூன்று அடுக்கு தள்ளி, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது.

இன்வெர்ட்டர் கணக்கு

மீள்திறன் என்ற சொல்லைப் பலர் 'அசையாத உறுதி' என்ற பொருளில் பயன்படுத்துகிறார்கள். நிலநடுக்கத்தையோ வெள்ளத்தையோ எந்த மென்பொருளாலும் தடுக்க முடியாது. அடி விழும் என்பதை ஒப்புக்கொண்டு, விழுந்த பிறகு வாடிக்கையாளருக்குத் தெரிவதற்குள் எழுந்துகொள்ளும் ஆற்றலே மீள்திறன்.

இதை அளக்கலாம். அளப்பதற்கு வீட்டில் இருக்கும் இன்வெர்ட்டரே போதும்.

மின்சாரம் போகிறது. இன்வெர்ட்டர் பேட்டரி நான்கு மணி நேரம் தாங்கும். மின்வாரியத்தார் இரண்டு மணி நேரத்தில் சரிசெய்துவிட்டால் மின்தடை நடந்ததே உங்களுக்கு உறைக்காது. மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்திருக்கும். சரிசெய்ய ஆறு மணி நேரம் ஆனால், கடைசி இரண்டு மணி நேரம் விசிறிமட்டைதான்.

பேட்டரி தாங்கும் அந்த நான்கு மணி நேரத்துக்குத் தாங்கும் காலம் என்று பெயர் வைப்போம்: ஒரு பொருள் வருவது நின்றாலும், கையிருப்பையும் மாற்று வழிகளையும் கொண்டு நாம் ஓட்டக்கூடிய காலம். சரிசெய்ய ஆகும் காலத்துக்கு மீளும் காலம்: நின்றுபோன ஆலையோ வழியோ பழைய நிலைக்குத் திரும்ப ஆகும் காலம். தாங்கும் காலம் மீளும் காலத்தைவிட நீளமாக இருந்தால் பிழைத்தோம். குறைவாக இருந்தால், இடைவெளி எத்தனை நாளோ அத்தனை நாள் நட்டம். விநியோகச் சங்கிலி மீள்திறன் பற்றி நூற்றுக்கணக்கான பக்க அறிக்கைகள் வருகின்றன. அவற்றில் பலவற்றின் அடியில் இருப்பது இந்தக் கழித்தல் கணக்குதான்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் டேவிட் சிம்கி-லெவி, ஃபோர்டு நிறுவனத்தோடு சேர்ந்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார். எந்த வழங்குநர் எப்படி நின்றுபோவார் என்று ஊகிப்பதை விட்டுவிட்டார். நிலநடுக்கமா, தீயா, வேலைநிறுத்தமா என்பது முக்கியமில்லை. 'இந்த ஆலை இத்தனை வாரம் நின்றால் நமக்கு எவ்வளவு இழப்பு?' என்று மட்டும் ஒவ்வொன்றுக்கும் கேட்டார். வந்த விடையில் ஒரு திருப்பம். நிறுவனம் பெரும்பணம் கொடுத்து வாங்கும் பாகங்களைப் பற்றி ஏற்கெனவே கவலைப்பட்டு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. பெரிய இழப்பைத் தரக்கூடிய வழங்குநர்களில் பலர், ஆண்டுக்குச் சொற்பத் தொகைக்கு மட்டுமே பொருள் தருபவர்கள். மினுமினுப்புப் பொடியை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் டிஜிட்டல் எங்கே வருகிறது?

தமிழ்நாட்டில் மாதந்தோறும் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவார்கள். 'நாளை காலை 9 மணி முதல் மின்தடை' என்று முந்தின நாளே செய்தித்தாளில் பகுதிகளின் பெயரோடு வரும். அதைப் பார்த்தவர் காலை எட்டு மணிக்கே மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பி, மாவும் அரைத்து வைத்துவிடுகிறார். பார்க்காதவர் பத்து மணிக்குக் குழாயைத் திறந்து காற்றைக் கேட்கிறார். இருவருக்கும் மின்தடை ஒன்றுதான். ஒருவருக்குச் செய்தி முன்பே கிடைத்தது, அவர் அதன்படி எழுந்து போய் மோட்டாரைப் போட்டார்.

டிஜிட்டல் தொழில்நுட்பம் செய்யக்கூடியது இதைத்தான். அதனால் சில்லு தயாரிக்க முடியாது, கால்வாயைத் திறக்க முடியாது. அது நேரத்தை வாங்கித் தருகிறது. அந்த நேரத்தில் போடுவதற்கு ஒரு மோட்டாரும் நிரப்புவதற்கு ஒரு தொட்டியும் நம்மிடம் இருக்க வேண்டும்.

நேரத்தின் மதிப்பு எவ்வளவு என்று கேட்டால், தொழில் உலகத்தில் அடிக்கடி சொல்லப்படும் ஒரு பழைய கதை இருக்கிறது. 2000 மார்ச் 17 இரவு, அமெரிக்காவின் ஆல்புகர்க்கி நகரில் பிலிப்ஸ் நிறுவனத்தின் சில்லு ஆலையில் மின்னல் காரணமாகச் சிறு தீ. சுமார் பத்து நிமிடத்தில் அணைத்துவிட்டார்கள். ஆனால் சில்லு செய்யும் அறைகளில் தூசித் துகள்கூட இருக்கக்கூடாது. புகையும் தண்ணீரும் உள்ளே புகுந்துவிட்டன. அங்கிருந்து கைபேசிச் சில்லு வாங்கிய இரு பெரிய நிறுவனங்கள் நோக்கியாவும் எரிக்சனும். ஒரு வாரத் தாமதம் என்று இருவருக்கும் சொல்லப்பட்டது. நோக்கியாவில் பிலிப்ஸ் சொல்வதற்கு முன்பே, வரவேண்டிய சில்லுகளின் கணக்கில் ஏதோ இடறுகிறது என்று கவனித்திருந்தார்கள். வாரம் ஒருமுறை பார்ப்பதை விட்டு, அந்தச் சில்லுகளை மட்டும் நாள்தோறும் கண்காணிக்கத் தொடங்கினார்கள். ஒரு வாரம் என்பது பல வாரங்கள் ஆகும் என்று புரிந்ததும், பிலிப்ஸின் மற்ற ஆலைகளில் எஞ்சியிருந்த திறனைத் தமக்கு ஒதுக்கச் செய்தார்கள். வேறு வழங்குநர்களிடமும் ஓடினார்கள். எரிக்சன் காத்திருந்தது. விழித்தபோது பிலிப்ஸின் மற்ற ஆலைகள் நோக்கியாவுக்கு ஓடிக்கொண்டிருந்தன. சில சில்லுகளுக்கு எரிக்சனிடம் வேறு வழங்குநரும் இல்லை. சுமார் 40 கோடி டாலர் விற்பனை போனது. அடுத்த ஆண்டே அது தன் கைபேசித் தொழிலை சோனியோடு கூட்டாக்கிக்கொண்டது. அந்தத் தீ மட்டும்தான் காரணம் என்று சொல்வது மிகை. ஆனால் அது ஒரு காரணம்.

சுருக்கமாக: மீள்திறன் என்பது தாங்கும் காலத்துக்கும் மீளும் காலத்துக்கும் நடுவே உள்ள கணக்கு. டிஜிட்டல் கருவி அதில் நேரத்தைச் சேர்க்கிறது. இனி அந்தக் கருவிகளைப் பார்ப்போம்.

முதல் கருவி: யார் யாருக்குத் தருகிறார் என்ற வரைபடம்

பார்க்கப் பகட்டே இல்லாத கருவி இது. என் கணிப்பில் முதன்மையானதும் இதுவே. டொயோட்டா 2011க்குப் பிறகு 'ரெஸ்க்யூ' என்ற பெயரில் ஒரு தகவல்தளத்தைக் கட்டியது. எந்தப் பாகம் எந்த ஆலையில், எந்த ஊரில் தயாராகிறது, அந்த ஆலைக்கு மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது என்று அடுக்கடுக்காகக் கீழே இறங்கிச் செல்லும் பட்டியல். ஓர் இடத்தில் நிலம் அதிர்ந்தால், அந்த வட்டத்துக்குள் இருக்கும் ஆலைகள், அவற்றின் பாகங்கள், அவை போகும் கார் ஆலைகள் எல்லாம் சிறிது நேரத்தில் கையில் வந்துவிடும். 2011இல் இதையே தொலைபேசியில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியிருந்தது. அதில் வாரங்கள் கரைந்தன.

மென்பொருளாக இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கடினம் வேறிடத்தில். 'உனக்குச் சரக்குத் தருபவர் யார்?' என்று எந்த வியாபாரியிடமும் கேட்டுப் பாருங்கள். சிரித்து மழுப்புவார். அவருடைய தொழில் இரகசியமே அதுதான். சொன்னால் நீங்கள் அவரைத் தாண்டி நேரே போய் வாங்கிக்கொள்வீர்கள். வழங்குநர்கள் தயங்கியது இதனால்தான். கணினிப் பெட்டி வாங்குவது எளிது. பல ஆண்டு உறவைக் காட்டி அந்தப் பெயர்களை வாங்குவதுதான் வேலை.

வரைபடத்தால் கிடைத்த இன்னொரு பயன்: எங்கே கையிருப்பு வேண்டும் என்று தெரிந்தது. டொயோட்டா என்றாலே கையிருப்பே வைக்காத நிறுவனம், தேவைப்படும் நேரத்தில் தேவைப்படும் அளவு மட்டும் வரவழைக்கும் நிறுவனம் என்று பாடப்புத்தகம் சொல்லும். அதே டொயோட்டா, தயாரிக்க நீண்ட காலம் ஆகும் சில்லுகளை மட்டும் இரண்டு முதல் ஆறு மாதத் தேவைக்குச் சேர்த்துவைக்கும்படி வழங்குநர்களைக் கேட்டுக்கொண்டது. எல்லாவற்றையும் குவிக்கவில்லை, மீளும் காலம் நீளமான பொருளுக்கு மட்டும் பெரிய பேட்டரி. 2021 தொடக்கத்தில் சில்லுத் தட்டுப்பாட்டால் மற்ற கார் நிறுவனங்கள் ஆலைகளை நிறுத்தியபோது டொயோட்டா ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில், தென்கிழக்கு ஆசியாவில் கொரோனா பரவிப் பாக ஆலைகள் முடங்கியதும், அதுவும் திட்டமிட்ட உற்பத்தியில் சுமார் 40 சதவீதத்தைக் குறைக்க வேண்டியதாயிற்று. எந்த பேட்டரிக்கும் ஓர் எல்லை உண்டு.

இரண்டாவது கருவி: நகரும் புள்ளிகள்

இப்போது அந்தப் பெரிய திரைக்கு வருவோம். கன்டெய்னர் ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் எழுதியிருப்பதைச் சாலையில் பார்த்திருப்பீர்கள். உலகம் முழுவதும் இந்த முறைதான். கடைசி இலக்கம் சரிபார்ப்பதற்கு: முன்னுள்ள பத்தையும் ஒரு சூத்திரத்தில் போட்டால் அந்த இலக்கம் வர வேண்டும். குமாஸ்தா ஒரு எண்ணைத் தவறாகத் தட்டினால் கணினி பெரும்பாலும் பிடித்துவிடும். கப்பல்களுக்கோ ஏஐஎஸ் என்ற கருவி: தன் அடையாளம், இருப்பிடம், வேகம், திசை ஆகியவற்றை வானொலி அலையில் தானாகவே சொல்லிக்கொண்டிருப்பது. பன்னாட்டுப் பயணம் செய்யும் 300 டன் அளவுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு இது கட்டாயம். கப்பல்கள் மோதிக்கொள்ளாமல் இருக்க வந்த கருவி. இன்று யார் வேண்டுமானாலும் இணையத்தில் கப்பல்களைப் பார்க்கலாம்.

2021 மார்ச் 23 அன்று 400 மீட்டர் நீளமுள்ள எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கியதை உலகமே அப்படித்தான் பார்த்தது. ஆறு நாள். இருபுறமும் 300க்கும் மேற்பட்ட கப்பல்கள் வரிசைகட்டி நின்றன. எல்லாருக்கும் எல்லாம் தெரிந்தது. கால்வாய் மட்டும் திறக்கவில்லை. தன் சரக்கு எந்தக் கப்பலில், எந்தக் கன்டெய்னரில் இருக்கிறது, எந்த ஆலைக்கு எந்த நாளில் அது தேவை என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்க முடிந்தவருக்குத்தான் அந்தப் புள்ளிகளால் பயன். அவர் இரண்டாம் நாளே கணக்குப் போட்டு, மிக அவசரமான பாகத்தை மட்டும் விமானத்தில் வரவழைக்கலாம். மற்றவர்களுக்கு அது வேடிக்கை.

2023 கடைசியில் செங்கடலில் ஏமனின் ஹூதி கிளர்ச்சிப் படையினரின் தாக்குதல் தொடங்கிக் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனபோது, புள்ளிகளின் பயன் கூடுதலாகத் தெரிந்தது. பயணம் பத்து நாள், இரண்டு வாரம் என நீண்டது. ஆனால் எவ்வளவு நீளும் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தது. தாமதத்தைவிட எத்தனை நாள் தாமதம் என்று தெரியாதிருப்பதுதான் ஆலைக்காரரைத் தூங்கவிடாது.

மூன்றாவது: சாட்டையைப் பிடிப்பது

சாட்டையின் கைப்பிடியைச் சற்றே அசைத்தால் நுனி பெரிதாகச் சுழலும். விநியோகச் சங்கிலியிலும் அப்படி. புரோக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் குழந்தைகளுக்கான டயாப்பர் விற்பனையில் இதைக் கவனித்தது. குழந்தைகள் நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் நனைக்கின்றன. கடை விற்பனையிலும் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. ஆனால் மொத்த வியாபாரிகள் அனுப்பும் ஆர்டர் தாறுமாறாக ஏறி இறங்கியது; நிறுவனம் தன் மூலப்பொருளுக்கு அனுப்பிய ஆர்டர் அதைவிட மோசம். 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஒவ்வொருவரும் கொஞ்சம் கூட்டிக் கேட்டதால் வந்தது. வாடிக்கையாளர் பக்கத்துச் சிறு அசைவு பின்னே போகப்போகப் பெருகும் இதற்குச் சாட்டை விளைவு என்று பெயர்.

மருந்து: கடையின் பில் போடும் இயந்திரத்தில் பதிவாகும் உண்மையான விற்பனையை, நடுவில் உள்ளவர்களின் ஊகங்கள் கலக்காமல், பின்னால் இருக்கும் எல்லாருக்கும் காட்டுவது. எவ்வளவு ஆர்டர் என்பதோடு எவ்வளவு விற்றது என்பதும் தெரிந்தால், பீதியில் குவிப்பது குறையும். செயற்கை நுண்ணறிவு என்று சொல்லி விற்கப்படும் தேவைக் கணிப்பு மென்பொருள்கள் இந்த விற்பனைக் கணக்கின் மேல்தான் நிற்கின்றன. கணக்கு குப்பையாக இருந்தால் கணிப்பும் குப்பைதான்.

டிஜிட்டல் இரட்டை, பிளாக்செயின்: இரண்டு பெரிய சொற்கள்

மேலே சொன்ன வரைபடத்தையும் புள்ளிகளையும் விற்பனைக் கணக்கையும் ஒன்றாகச் சேர்த்து, நம் விநியோகச் சங்கிலியின் பிரதி ஒன்றைக் கணினிக்குள் ஓடவிட்டால் அது டிஜிட்டல் இரட்டை. இதன் வேலை, நிஜத்தில் செய்து பார்க்க முடியாத விபரீதங்களைப் பிரதியில் செய்து பார்ப்பது. ஒரு கற்பனைக் கணக்கு: ஒரு ரப்பர் வளையம் செய்யும் ஆலை தீப்பிடித்து 50 நாள் நிற்கிறது. நம் கையிருப்பு 12 நாள். டிஜிட்டல் இரட்டை இதைப் பார்த்து, 13ஆம் நாள் எந்தப் பிரிவு நிற்கும், அதற்கு முன் எந்த மாடலைக் குறைத்து எந்த மாடலைத் தொடர்ந்தால் இழப்பு குறையும் என்று சொல்லும். விபத்து நடந்த அன்று போட வேண்டிய கணக்கை ஓர் அமைதியான செவ்வாய்க்கிழமையில் போட்டுவைப்பது.

பிளாக்செயின் என்பது ஒரே பதிவேட்டைப் பலரும் வைத்திருந்து, ஒருவர் மட்டும் கமுக்கமாகத் திருத்திவிட முடியாதபடி அமைக்கும் முறை. இதற்கு ஒரு வெற்றிக் கதையும் ஒரு தோல்விக் கதையும் உண்டு. வால்மார்ட் ஒரு மாம்பழப் பாக்கெட் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கச் சொன்னபோது வழக்கமான முறையில் ஏறக்குறைய ஏழு நாள் ஆனது. பிளாக்செயின் பதிவேட்டில் 2.2 விநாடி. கெட்டுப்போன உணவை உடனே திரும்பப் பெற இது உதவும். அதே தொழில்நுட்பத்தில் மெர்ஸ்க் கப்பல் நிறுவனமும் ஐபிஎம்மும் 2018இல் தொடங்கிய 'டிரேட்லென்ஸ்', உலகக் கப்பல் சரக்கு ஆவணங்களை ஒரே இடத்தில் கொண்டுவர முயன்றது. 2022 நவம்பரில் அதை மூடுவதாக அறிவித்தார்கள். தொழில்துறை முழுவதும் ஒத்துழைக்கவில்லை என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். வால்மார்ட் தனக்கு விற்பவர்களிடம் 'செய்' என்று சொல்ல முடியும். மெர்ஸ்க் தன் போட்டியாளர்களிடம் அப்படிச் சொல்ல முடியுமா? பால்காரர் பண்ணையின் பெயரைச் சொல்ல மறுக்கும் கதைதான் மறுபடியும்.

கருவிகளைப் பார்த்தாயிற்று. வரைபடம் முடிச்சைக் காட்டும். புள்ளிகள் தாமதத்தை அளக்கும். விற்பனைக் கணக்கு பீதியைத் தணிக்கும். இரட்டை முன்கூட்டியே ஒத்திகை பார்க்கும்.

கருவியே முடிச்சாகும்போது

மினுமினுப்புப் பொடியைப் போல, இந்தக் கணினி அமைப்புகளும் எல்லாரும் சார்ந்திருக்கும் ஒற்றை ஆணியாகிவிடலாம். 2022 மார்ச் 1 அன்று ஜப்பானில் டொயோட்டாவின் 14 ஆலைகளும் ஒருநாள் நின்றன: கோஜிமா என்ற பிளாஸ்டிக் பாக வழங்குநரின் கணினிகள் மீது நடந்த தாக்குதல். 2023 ஆகஸ்ட் 29 அன்று மீண்டும் அதே 14 ஆலைகள். இம்முறை எதிரி யாரும் இல்லை. பாகங்களுக்கு ஆர்டர் அனுப்பும் சர்வர்களில் பராமரிப்பின்போது சேமிப்பிடம் போதாமல் போய்விட்டது. துணை சர்வர் இருந்தது; அதுவும் அதே அமைப்பில் ஓடியதால் சேர்ந்தே நின்றது. இரண்டு கயிறு, ஒரு ஆணி.

மிகப் பெரிய அடி மெர்ஸ்குக்கு விழுந்தது. 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற தீநிரல், உக்ரைனில் பயன்பட்ட ஒரு கணக்கு மென்பொருள் வழியாகப் பரவி, நிறுவனத்தின் கணினிகளை வரிசையாக அழித்தது. கப்பல்கள் கடலில் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன. எந்தக் கன்டெய்னரை எங்கே இறக்குவது என்றுதான் தெரியவில்லை. மும்பை அருகே ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமம் நடத்தும் முனையமும் தடுமாறியது. 45,000 கணினிகளிலும் 4,000 சர்வர்களிலும் எல்லாவற்றையும் புதிதாக நிறுவினார்கள், பத்தே நாளில். அதுவரை ஊழியர்கள் தங்கள் சொந்தக் கைபேசியிலும் காகிதத்திலும் உலக வணிகத்தின் ஒரு பெரும் பங்கை நடத்தினார்கள்.

மீட்புப் பணி ஒரு கட்டத்தில் முட்டி நின்றது. யாருக்கு எதில் நுழைய அனுமதி என்று சொல்லும் மூல சர்வர்களின் நகல் உலகெங்கும் பல இடங்களில் வைக்கப்பட்டிருந்தது. ஒன்று போனால் இன்னொன்று உதவும் என்ற ஏற்பாடு. எல்லாம் ஒன்றோடொன்று இணைந்திருந்ததால் எல்லாம் ஒன்றாகவே அழிந்திருந்தன. தேடிக்கொண்டே போனபோது கானாவில் ஒன்று மட்டும் பிழைத்திருந்தது. தாக்குதல் நடந்த வேளையில் அந்த அலுவலகத்தில் மின்தடை. அதனால் அந்த சர்வர் இணைப்பில் இல்லை. அவ்வளவு தரவை அங்கிருந்து இணையத்தில் அனுப்ப வேகம் போதவில்லை. மீட்புப் பணி நடந்துகொண்டிருந்தது பிரிட்டனில்; கானா ஊழியர்கள் யாரிடமும் பிரிட்டன் விசா இல்லை. ஒருவர் ஹார்டு டிஸ்க்கைக் கையில் எடுத்துக்கொண்டு நைஜீரியாவுக்கு விமானம் ஏறினார். அங்கே விமான நிலையத்தில் இன்னொரு ஊழியர் அதை வாங்கிக்கொண்டு லண்டனுக்குப் பறந்தார்.